துப்பறிபவனின் துணைவி: 1942 பிரெஞ்சுப் படமொன்றில் சூஸி டெலேரின் ஆட்டம்

ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ இயக்கிய முதல் முழுநீளப் படம் என்ற வகையில், 1942இல் வெளிவந்த 'கொலைகாரன் குடியிருப்பது 21ஆம் எண்' திரைப்பட வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. எனினும், ஏறத்தாழ எண்பத்து நான்கு நிமிடம் ஓடும் அந்தக் கொலை மர்மப் படத்தில் இன்றும் ஆராயத் தகுந்தது, துப்பறியும் அதிகாரியின் துணைவி மிலா மாலுவாக சூஸி டெலேர் வெளிப்படுத்திய ஆட்டத்திறனே ஆகும்.

பாரிஸில் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். ஒவ்வொரு சடலத்தின் அருகிலும் 'திரு. துரான்' என்று அச்சிட்ட பெயரட்டை கிடக்கிறது. துரான் என்பது பிரான்சில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய சாதாரணப் பெயர் என்பதால், கொலைகாரன் தன் பெயரைச் சொல்லியே தன்னை மறைத்துக்கொள்கிறான். குலுக்கல் பரிசு விழுந்த மகிழ்ச்சியில் குடித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் ஒருவரைக் கொலைகாரன் பின்தொடரும் முதல் கொலையில், கேமராவே கொலைகாரனின் கண்ணாகிவிடுகிறது. பாத்திரத்தின் பார்வைக் கோணத்திலேயே காட்சியை எடுக்கும் இந்த உத்தியால், பார்வையாளர் துரானின் முகத்தைக் காணாமலே அவனோடு நடக்க நேர்கிறது. அடுத்து வரும் காட்சியோ முற்றிலும் வேறு சுவை உடையது: கொலைகாரனைப் பிடித்தாக வேண்டும் என்ற ஆணை அமைச்சரிடமிருந்து ஒவ்வொரு படியாகக் கீழிறங்க, ஒவ்வோர் அதிகாரியும் தமக்குக் கீழுள்ளவரை அதே சொற்களால் மிரட்ட, கடைசியில் அந்தச் சுமை முழுவதும் ஆய்வாளர் வென்ஸின் தலையில் வந்து விழுகிறது. மோன்மார்த்ர் பகுதியில் ழுனோ அவென்யூ 21ஆம் எண்ணில் உள்ள 'மிமோசா' என்ற உணவுடன் கூடிய தங்கும் விடுதியில் கொலைகாரன் வாழ்கிறான் என்று தெரியவந்ததும், வென்ஸ் புராட்டஸ்டண்ட் போதகராக வேடமிட்டு அங்கே குடியேறுகிறார்.

மிலா அங்கே வந்து சேர்வதற்குக் காரணம் வேறு. வாய்ப்புத் தேடும் பாடகியான அவளுக்கு, செய்தித்தாளில் பெயர் அடிபடாதவரை மேடை கிடைக்காது என்று தெரிந்துவிடுகிறது. துரானைத் தானே பிடித்துவிட்டால் அந்தப் புகழ் ஒரே நாளில் வந்துவிடும் என்று அவள் முடிவு கட்டுகிறாள். வென்ஸும் அவளும் முறைப்படி மணம் செய்துகொண்டவர்கள் அல்லர். ஆயினும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒருவரை ஒருவர் இடித்துப் பேசி, சண்டையிட்ட மறுகணமே சமாதானமாகும் அவர்களைப் பார்வையாளர் கணவன் மனைவியாகவே கொள்கின்றனர். மிலாவின் தன்னலம் இங்கே குறையாகத் தோன்றவில்லை, மாறாக அதுவே பாத்திரத்தின் உயிர் ஆகிறது. கணவனுக்கு உதவ வந்த நல்ல மனைவியாக எழுதப்பட்டிருந்தால், அவள் பத்து நிமிடத்தில் படத்திலிருந்து மறைந்திருப்பாள்.

வென்ஸாக நடித்த பியேர் ஃப்ரெனே, 1937இல் வந்த 'மாபெரும் மாயை' உள்ளிட்ட படங்களால் அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்தவர். குரலை உயர்த்தாமல், முகத்தை அதிகம் அசைக்காமல், பாதிச் சிரிப்பிலேயே காட்சியை முடிப்பவர். டெலேர் அதற்கு நேர்மாறாக, உரத்த குரலும் துடுக்கான நடையும் கொண்டு, எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் தம் வசனத்தைத் தொடங்கிவிடுகிறார். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் நிதானமாக நிற்க, மறுமுனையில் ஒருவர் அடித்தாடும் இணையாட்டத்தைப் போல, இவ்விருவரின் வேக வேறுபாடே காட்சிகளுக்கு விறுவிறுப்பைத் தருகிறது. இந்த வேகத்தில் டெலேர் எந்தச் சொல்லையும் விழுங்குவதில்லை; இசையரங்குகளில் பாடிப் பழகிய மூச்சுக் கட்டுப்பாடு, நீண்ட வசனத்தின் கடைசி அசைவரை அவருக்குக் கைகொடுக்கிறது.

ஸ்தானிஸ்லாஸ்-ஆந்த்ரே ஸ்டீமன் என்ற பெல்ஜிய எழுத்தாளரின் மூல நாவல் லண்டனில் நடப்பது. அதில் வென்ஸும் இல்லை, மிலாவும் இல்லை. 1941இல் க்ளூஸோ திரைக்கதை எழுதிய 'அறுவரில் கடைசி ஆள்' படத்தில் ஃப்ரெனேயும் டெலேரும் இதே பாத்திரங்களில் தோன்றியிருந்ததால், அந்த இணை இப்படத்திற்கும் கொண்டுவரப்பட்டது. அப்போது பாரிஸ் ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. படத்தைத் தயாரித்த கான்டினென்டல் நிறுவனம் ஆல்ஃபிரட் கிரேவன் தலைமையில் ஜெர்மானியரால் நடத்தப்பட்டது. அமெரிக்கப் படங்கள் தடைசெய்யப்பட்டிருந்த அச்சூழலில், 1934இல் வந்த 'ஒல்லி மனிதன்' என்ற ஹாலிவுட் படத்தில் குடித்தும் கிண்டலடித்தும் துப்பறிந்த நிக்-நோரா தம்பதியின் இடத்தைப் பிரெஞ்சு ரசிகர்களுக்கு வென்ஸும் மிலாவும் நிரப்பினர். டெலேர் 1942இல் பிற நடிகர்களுடன் ஜெர்மனிக்குப் பயணம் சென்றதும், அதற்காகப் பிரான்சின் விடுதலைக்குப் பின் சில காலம் தொழிலிலிருந்து விலக்கப்பட்டதும் அவரது வரலாற்றில் மறைக்கத்தகாத பகுதிகள்.

விளையாட்டு ஆர்வலர்கள் விடுதிவாசிகளில் ஒருவரைத் தனியே கவனிக்க வேண்டும். பார்வையிழந்த குத்துச்சண்டை வீரர் கிட் ரொபேராக வரும் ழான் டெஸ்போ, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நடுத்தர எடைப் பிரிவில் பிரான்சுக்குத் தங்கம் வென்ற உண்மையான வீரர். அவருடைய தோள்களிலும் நிற்கும் நிலையிலும் தெரியும் பயிற்சி நடிப்பால் உண்டாக்க முடியாதது. நடிப்பனுபவம் குறைந்த அவர், சுற்றிலுமுள்ள கைதேர்ந்த நடிகர்களிடையே இதனால் தனித்துத் தெரிகிறார்.

மர்மத்தின் விடையைச் சொல்லாமல் மிலாவின் பங்கை மதிப்பிட இயலாது. மாயவித்தைக்காரர் லாலா-பூர், பொம்மை செய்யும் கொலேன், மருத்துவர் லின்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்தே துரான். ஒருவர் கைதாகும்போது மற்றவர் கொலை செய்வதால், கைதானவர் குற்றமற்றவராகி வெளியே வந்துவிடுகிறார். வென்ஸ் இந்த மூவரிடம் தனியே சிக்கி, தம்மை எந்த முறையில் கொல்வது என்று அவர்களைத் தர்க்கிக்கவிட்டு நேரத்தைக் கடத்த, மிலாவும் காவலர்களும் வந்து அவரைக் காப்பாற்றுகின்றனர். அதுவரை வாய்ப்பேச்சுக்காரியாகவே நடத்தப்பட்டவளுக்குத் திரைக்கதை இந்த இறுதி நிமிடங்களில் உரிய மரியாதை செய்கிறது. ஆயினும் அவள் விடையைத் தேடிச் செல்லும் வழி வென்ஸின் வழியைப் போல விரிவாகக் காட்டப்படாதது படத்தின் பெரிய குறை. டெலேர் மட்டும் அந்த இடைவெளியை ஏற்றுக்கொள்ளவில்லை: மற்றவர் பேசும்போதும் அறையை நோட்டமிடும் அவர் கண்கள், மிலா தன் விசாரணையை ஒருபோதும் நிறுத்தவில்லை என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஐந்தாண்டுகளுக்குப் பின், ஸ்டீமனின் மற்றொரு நாவலைத் தழுவி க்ளூஸோ எடுத்த 'கே தெஸ் ஓர்ஃபேவ்ர்' படத்தில் டெலேர் மீண்டும் பாடகியாகவே தோன்றினார். பாரிஸ் குற்றப்புலனாய்வுத் துறையின் தலைமையகம் அப்போது அமைந்திருந்த தெருவின் பெயரே அப்படத்தின் தலைப்பு. அதில் டெலேர் ஏற்ற ஜென்னி லாமூர் என்ற பாத்திரம் சட்டப்படி மணமான மனைவி. பணக்காரக் கிழவர் ஒருவரைத் தானே கொன்றுவிட்டதாக நம்பும் அவள், லூயி ஜூவே நடித்த ஆய்வாளர் அந்துவானிடம் உண்மையை மறைக்கிறாள். மிலாவாகக் கேள்வி கேட்பதற்காக விரைந்த அதே வாய், இங்கே பதில் சொல்லாமல் தப்புவதற்காக விரைகிறது. இப்படத்திற்காக 1947இல் வெனிஸ் திரைப்பட விழா க்ளூஸோவுக்குச் சிறந்த இயக்குநர் விருது வழங்கியது. ஜென்னியின் அந்தப் பதற்றமான பேச்சுக்குரிய பயிற்சி, மிமோசா விடுதியின் கூடத்தில் மிலாவாக நின்றபோதே டெலேருக்கு முழுமையாகக் கைவந்திருந்தது.