வலுவும் வஞ்சனையும்

பழைய மோட்டார் காரைப் புதுப்பிப்பது என்ற பேச்சில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. காலம் கெடுத்ததைச் சரிசெய்வது ஒன்று. செய்தவன் செய்யாமல் விட்டதை நாம் செய்து வைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டிவிடுகிறோம். காரின் அடிச்சட்டத்துக்கு வலுவூட்டுகிற விஷயத்தில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போய்விடுகிறது. நான் கதை எழுதுகிறவன், இஞ்சினீயர் அல்ல. ஆனால் பிறர் படைப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது எனக்கும் பழக்கமான கேள்விதான்.

1932-ஆம் வருஷத்து ஃபோர்டு காரை எடுத்துக்கொள்வோம். சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சினைக் கொடுத்த கார் அது. அதன் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்கள், உள்பக்கம் திறந்த வாய்க்கால் போன்றவை. வெளிப்பக்கமோ பார்வைக்கே விடப்பட்டது. தகட்டில் அழுத்தி எடுத்த வரையோடு, உடலுக்குக் கீழே அழகாகத் தெரிகிறது. எலும்பே முகத்தின் ஒரு பகுதியாக அமைந்துவிட்ட கார் என்று சொல்லலாம்.

இந்தச் சட்டத்தை வலுவாக்க எல்லோரும் செய்வது, திறந்திருக்கும் உள்பக்கத்தைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவது. இதன் பலனை ஒரு தபால் கார்டைக் கொண்டே அறியலாம். கார்டைக் குழலாகச் சுருட்டி ஓரங்களை ஒட்டாமல் முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திருகும். ஓரங்களை ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. காகிதம் அதேதான். வாய் மூடியதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

அப்படியானால் மூடிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்தக் காலத்துச் சட்டம் கொஞ்சம் வளைவதை அறிந்தே செய்யப்பட்டது. மேடுபள்ளத்தில் வில் செய்கிற வேலையில் ஒரு பங்கைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. நடுவில் மட்டும் இறுக்கிவிட்டால், வளைவெல்லாம் தகடு முடிகிற இடத்தில் போய்க் குவியும்; விரிசல் அங்கேதான் விடும். தேர்ந்த வேலைக்காரர்கள் தகட்டின் நுனியைச் செங்குத்தாக வெட்டாமல் சரித்து முடிக்கிறார்கள். சூட்டில் சட்டம் கோணாமலிருக்க ஒரே மூச்சில் பற்றவைக்காமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக வைக்கிறார்கள். தண்ணீர் வடியவும் துளை விடுகிறார்கள். இல்லாவிட்டால் மூடிய பெட்டிக்குள் துரு குடித்தனம் நடத்தும்.

துருப்பிடித்து மெலிந்த இடத்தை வெட்டி அதே கனத்தில் புதுத் தகடு வைப்பது வைத்தியம். வளைவு அதன் சுபாவம். அதைத் திருத்துவது வைத்தியம் ஆகாது. 1933-இல் ஃபோர்டு கம்பெனியே சட்டத்தின் நடுவே எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் போட்டு இறுக்கியதே என்று வாதிக்கிறவர்கள் உண்டு. வாஸ்தவம். ஆனால் சக்கரங்களின் இடைவெளியை 106 அங்குலத்திலிருந்து 112 அங்குலமாக நீட்டிய வேறொரு காரில் அதைச் செய்தார்கள். பழைய காருக்குள் ஒளித்து வைக்கவில்லை.

வலுவூட்டாமல் இருப்பதே தவறாகிற சந்தர்ப்பமும் உண்டு. 1932-இல் அந்த வி-8 கொடுத்தது 65 குதிரைசக்தி. 1955-இல் வந்த செவ்ரோலே வி-8 எஞ்சினோ, அதன் சாதாரண ரகத்திலேயே 162 கொடுத்தது. அதைத் தூக்கி இந்தக் காரில் வைத்தவர்கள் ஏராளம். அப்படி வைத்தபின் சட்டத்தைத் தொடமாட்டேன் என்று சொல்வது பக்தி அல்ல, அசட்டுத்தனம். உள்ளே உட்காருகிறவன் உயிர் பெரிது. வலுவூட்டத்தான் வேண்டும், ஆனால் அதை மறுபடைப்பு என்று சொல்ல வேண்டும், புதுப்பித்தல் என்று அல்ல.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபிவா 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. மாற்றங்கள் குறைவாகவும், கூடியவரை திரும்ப எடுக்கத்தக்கவையாகவும் இருக்கவேண்டும், செய்ததை எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் போக்கு. நியாயமான போக்குதான். ஆனால் வெல்டிங் திரும்ப எடுக்கத்தக்கதல்ல. போல்ட் போட்டு இறுக்கிய குறுக்குச் சட்டத்தை நாளை ஒருவன் கழற்றிவிடலாம். பற்றவைத்த தகட்டைப் பெயர்க்கப் பழைய எஃகையும் காயப்படுத்தியாக வேண்டும்.

தகடு உள்பக்கம் இருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. வெல்டிங் தழும்பை ராவி, பெயின்ட் அடித்துவிட்டால் குனிந்து பார்க்கிறவனும் ஏமாந்து போவான். என் ஆட்சேபமெல்லாம் இந்த ராவுதலைப் பற்றித்தான். தழும்பு தெரியட்டும். பக்கத்திலே வருஷத்தையும் பொறித்து வையுங்கள்.