மூன்றாவது விரிப்பு

விருந்தோம்பல் என்றதும் நாம் உணவைப் பற்றியே பேசுகிறோம். விருந்தினர் அமரும் இடத்தைப் பற்றி அரிதாகவே சிந்திக்கிறோம். ஜாபிர் (ரலி) அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற நபிமொழியோ வீட்டின் விரிப்புகளையே எண்ணிக் காட்டுகிறது: கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவது ஷைத்தானுக்கு. விருந்தினரின் இடத்தை உறுதிசெய்யும் அதே கூற்று, பெருமைக்காகப் பொருள் சேர்ப்பதையும் கண்டிக்கிறது.

திருவள்ளூரை அடுத்த மணவாள நகர் போன்று, தொழிற்பேட்டைகளையொட்டி வளர்ந்த குடியிருப்புகளின் சிறு வீடுகளை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். முன்கூடத்தை சோபாவும் கண்ணாடி அலமாரியும் அடைத்துக்கொள்கின்றன. கதவைத் திறந்ததும் அடுக்களை தெரிகிறது. உளூச் செய்ய விரும்பும் விருந்தினர் படுக்கையறையைக் கடக்க நேரிடுகிறது. அவர் விடைபெறும்வரை வீட்டுப் பெண்கள் ஓரறையில் ஒடுங்குகின்றனர். நாளடைவில், ‘வீடு சிறியது’ என்று கூறி உறவினரை அழைப்பதையே விட்டுவிடுகிறோம். நாம் அமைத்தது காட்சிக்கூடம், வரவேற்பறை அன்று.

காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில் வேறொரு சிந்தனையைக் காணலாம். பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவர ‘முடுக்கு’ எனும் குறுகிய சந்துகள் அங்குண்டு. முன்கட்டில் ஆடவர் அமர்ந்திருந்தாலும் பெண்களின் நடமாட்டம் தடைபடுவதில்லை. பாய் விரித்து, ஒரே சஹனைச் சுற்றிப் பலர் உண்பர். பாயைச் சுருட்டிவிட்டால் அவ்விடமே தொழுகைக்கும் உறக்கத்திற்கும் உதவும்.

அவை வணிகச் செல்வர்களின் வீடுகளாயிற்றே, காக்களூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் வாடகை வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அவற்றின் பரப்பளவு பொருந்தாது, ஒழுங்கு பொருந்தும். அனுமதி கோரி, ஸலாம் கூறி நுழையுமாறு திருமறை (24:27) பணிக்கிறது. அனுமதி கோருவது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்கிறது புகாரியில் உள்ள நபிமொழி. ஆகவே வாசலுக்கும் அடுக்களைக்கும் இடையே ஒரு திரை, வாசலருகே ஒரு குழாய், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள் ஆகியவையே முதல் தேவைகள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சோபாவின் விலையை எட்டாது.

இப்ராஹீம் (அலை) விருந்தினர் அறியாவண்ணம் தம் வீட்டாரிடம் சென்று, உணவைக் கொணர்ந்து அவர்களருகே வைத்ததைத் திருமறை (51:26, 27) எடுத்துரைக்கிறது. வந்தவருக்குக் கூச்சமும் வீட்டாருக்கு இடுக்கணும் நேராத அந்தப் பண்பு நம் வீடுகளில் நிலைக்க வேண்டுமானால், வீட்டு வரைபடம் போடும்போதே மூன்றாவது விரிப்புக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும்.