அழிக்கும் பட்டன்

ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய நீல நிற ஓபிடி ஸ்கேனரோடு ஆறு வாரம் ஓட்டியாயிற்று. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் புளூடூத் போட்டு 1234 அடித்தால் தயார். மேலே ‘எல்ம் 327, வெர்ஷன் 1.5’ என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெயருள்ள சிப்பை உருவாக்கிய கனடாக்காரர்கள் 1.5 என்று ஒன்றை விற்றதே இல்லை, 1.4-க்கு அப்புறம் நேராக 2.0. முதல் வெர்ஷனுக்குப் பூட்டுப் போடாமல் விட்டதால் ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். அசல் கம்பெனி 2022-இல் கடையைக் கட்டிவிட்டது, நகல் மட்டும் சக்கைப்போடு போடுகிறது.

இதை வாங்க வைத்தது செக் என்ஜின் லைட். வண்டி பிஎஸ்-6 பெட்ரோல். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, “சென்சார் ப்ராப்ளம் சார், க்ளியர் பண்ணியாச்சு” என்றார்கள். நாலு நாள் தாங்கியது. அடுத்த தடவை பர்ஜ் வால்வையே மாற்றிப் பணம் வாங்கினார்கள். ஒன்பதாம் நாள், காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் தாண்டும்போது அதே மஞ்சள் விளக்கு.

ஸ்கேனர் காட்டிய கோளாறுக் கோடு பி0444. டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியைக் கரி நிரப்பிய டப்பா ஒன்று உறிஞ்சி வைத்திருக்கும். என்ஜின் சூடானதும் பர்ஜ் வால்வு டிக் டிக்கென்று திறந்து மூடி, அந்த ஆவியை என்ஜினுக்குள் அனுப்பி எரிய விடும். வால்வுக்குப் போகும் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பதுதான் பி0444. வால்வு செத்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை.

யூடியூபில் தேடினால் அமெரிக்கர்கள் எல்லோரும் பெட்ரோல் மூடியை இறுக்கச் சொல்கிறார்கள். அங்கே அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூட வண்டியே கண்டுபிடிக்க வேண்டும். நம் விதி ஐரோப்பிய வழியில் வந்தது. வால்வின் மின்சுற்றைக் கண்காணித்தாலே போதும். நானும் இரண்டு நாள் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதே மூடி பக்கத்தில் நம்மூருக்கென்றே ஒரு வியாதி உண்டு: கட் ஆன பிறகும் “ரவுண்டாக்கிடலாமா சார்?” என்று பங்க் பையன் துப்பாக்கியை இன்னும் நாலு அழுத்து அழுத்துவது. நாற்பது ரூபாயை ஐம்பதாக்க ஊற்றும் பெட்ரோல் ஆவிக்குழாய்க்குள் போய்க் கரியை நனைக்கிறது. ஆவிக்கென்று வைத்த கரி, ஈரத்தில் ஊறினால் எதற்கு ஆகும்? வேண்டாம் என்றால் கஞ்சனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்.

நான் இந்த நீலப் பெட்டியிடம் விழுந்தது ஃப்ரீஸ் ஃப்ரேமில். விளக்கு எரிந்த அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதை என்ஜின் கம்ப்யூட்டர் ஒரு கட்டமாகப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் ஜினகாஞ்சிச் சமணக் கோயிலில் 1387-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய மண்டபத்தின் கூரையில் தீர்த்தங்கரர் கதை கட்டம் கட்டமாக வரைந்திருப்பது ஞாபகம் வந்தது. க்ளியர் அழுத்துவது அந்தக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. கோடோடு கட்டமும் போய்விடும். ஆப்பில் க்ளியர் பட்டன் சிவப்பாக, கட்டைவிரல் அளவு. ஃப்ரீஸ் ஃப்ரேம் மூன்று மெனு உள்ளே ஒளிந்திருக்கிறது.

முதல் கட்டத்தில் சூடு 92 டிகிரி, வேகம் 14. அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அழித்தேன். அடுத்தது 90, 11. சூட்டில் துப்பு இல்லை, வால்வு வேலை செய்வதே சூடான பிறகுதான். வேகம்தான் உறுத்தியது. பதினைந்துக்குக் கீழே நான் ஓட்டுவது ஸ்பீட் பிரேக்கரிலும் எங்கள் தெருக் குழிகளிலும்தான். குலுங்கினால் அறுகிறது, நின்றால் ஒட்டிக்கொள்கிறது.

பானட்டைத் திறந்து என்ஜினை ஓட விட்டு, வால்வின் மேல் விரலை வைத்தேன். டிக் டிக் விரலில் தட்டியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். இப்போது கண் சரியில்லை. “என்ன தம்பி தேடுற?” என்று வந்தார். ஒயரைக் காட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே போனவர், கனெக்டருக்கு நாலு விரல்கடை முன்னால் நின்றார். “இங்க உள்ள ஒண்ணுமில்லப்பா.” லேசாக மடக்கினார். என் விரலடியில் டிக் நின்றது. விட்டார், வந்தது. டேப்பைப் பிரித்தால், மேலுறையில் பல் தடம், உள்ளே இரண்டே இரண்டு செம்பு இழை. புங்கமரத்தடியில் நிறுத்துகிற வண்டி, அணில்.

எலக்ட்ரீஷியன் சால்டர் வைத்து ஸ்லீவ் போட இருபது நிமிஷம் ஆனது. அதன்பின் நான் எதையும் அழிக்கவில்லை. கோளாறு தீர்ந்தால் மூன்று நல்ல ஓட்டத்தில் விளக்கு தானே அணைய வேண்டும். அணைந்தது.

குறை சொல்வதென்றால், இந்த நகல் நடுநடுவே இணைப்பை விட்டுவிடும். வண்டியை நிறுத்திய பிறகும் பேட்டரியை உறிஞ்சும், கழற்றி வைக்க மறக்கக் கூடாது. இந்த விலைக்கு நான் இன்னொன்றும் வாங்குவேன்.

போன வாரம் பெரியவர் பையன் தன் வண்டிக்கு இரவல் கேட்டான். சாயங்காலமே திருப்பிக் கொடுத்தான்.

“சூப்பர்ண்ணா, லைட்டு போயிடுச்சு.”

“என்ன கோடு காட்டுச்சு?”

“அதெல்லாம் பாக்கலண்ணா. செவப்பு பட்டன் ஒண்ணு இருந்துச்சு.”