அரிப்பும் பராமரிப்பும்

ஆறு வருடங்களாக ஒரு சிறிய அகராதி நிரலை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடவைத்துக்கொண்டிருக்கிறேன். அதை நான் எழுதவில்லை. எழுதியவர்கள் லினக்ஸை மனதில் வைத்து எழுதினார்கள். அங்கே அது சிக்கலின்றி ஓடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் கோப்புகள் இருக்கும் இடம் வேறு, சில நூலகங்கள் வேறு, கணினியிடம் கேள்வி கேட்கும் முறை வேறு. எனவே ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் யாராவது அதை இந்த மண்ணுக்கு ஏற்றபடி பெயர்த்து நட வேண்டியிருக்கிறது. இப்படிப் பெயர்த்து நட்ட நிரலுக்கு 'போர்ட்' என்று பெயர். நடவு பெரும்பாலும் பெண்களின் வேலையாகவும் நிலம் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலும் இருக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். அதனால் இந்தச் சொல் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

ஒரு போர்ட்டைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கட்டமைக்கும் விதத்தைச் சொல்லும் ஒரு மேக்ஃபைல், பதிவிறக்கிய கோப்பைச் சரிபார்க்கும் எண்கள், சில வரி விளக்கம், நிறுவப்படும் கோப்புகளின் பட்டியல், பிறகு மூல நிரலின் மேல் போடும் 'பேட்ச்'கள். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த பாவாடையில் அம்மா போட்டாளே, அதே ஒட்டு. மூலத்தில் நாலு வரி இடம் மாறினால் ஒட்டு பொருந்தாது. பிரித்து மறுபடி தைக்க வேண்டும். என்னுடையதில் நான்கே ஒட்டுகள். குரோமியம் உலாவியின் போர்ட்டில் நூற்றுக்கணக்கானவை. அதன் புதிய பதிப்போ சில வாரங்களுக்கு ஒன்று வருகிறது. எல்லாம் சரியாக நடந்தால் பயனர் ஒரு கட்டளையைத் தட்டி, நிரலை நிறுவிக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தரை துடைத்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. துடைக்காத அன்றுதான் கேள்வி வரும்.

திறமூல உலகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் இந்த வேலைக்கு இடம் இருக்கிறதா? அந்தக் கதையைப் பரவலாக்கியது எரிக் ரேமண்ட் 1997இல் வாசித்த கட்டுரை. 'பேராலயமும் சந்தையும்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1999இல் நூலாகவும் வந்தது. நல்ல மென்பொருள் எல்லாம் எழுதுபவரின் சொந்த அரிப்பைச் சொறிந்துகொள்வதில் தொடங்குகிறது என்பது அதன் முதல் பாடம். தனக்கு என்ன தேவை என்று அறிந்தவன், அதைத் தானே செய்துகொள்ளும் ஓய்வு உள்ளவன், செய்ததை ஊருக்குத் தருபவன். இவனே அதன் நாயகன்.

ஆனால் அந்தக் கட்டுரையின் மைய உதாரணமே இந்தப் பாடத்தோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. ரேமண்ட் கொண்டாடும் ஃபெட்ச்மெயில் நிரல் அவர் வெறுந்தரையில் எழுப்பியது அல்ல. கார்ல் ஹாரிஸ் என்பவர் எழுதிய பாப்கிளையண்ட் நிரலை, அவருக்கு அதில் ஆர்வம் குறைந்த பிறகு, ரேமண்ட் ஏற்றுக்கொண்டார். அதிலிருந்துதான் ஐந்தாவது பாடம் பிறக்கிறது: ஆர்வம் போனால், தகுதியான ஒருவரிடம் ஒப்படைப்பதே கடைசிக் கடமை. இதை அவர் ஒளிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு பாடங்களுக்கும் நடுவே ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அரிப்பு அடங்கிவிட்டது, ஒப்படைக்க ஆளில்லை, பயன்படுத்துபவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பெரும்பாலான போர்ட்டுகள் வாழ்வது அந்தக் காலத்தில்தான். அதை விளக்க ஆர்வம் என்ற சொல் போதாது.

அந்த இடைவெளியைப் பற்றி அமெரிக்கக் கலைஞர் மீர்ல் லேடர்மேன் யூக்லிஸ் 1969லேயே எழுதிவிட்டார். முதல் குழந்தை பிறந்த பின் எழுதிய பராமரிப்புக் கலை அறிக்கையில் உலகத்தின் வேலைகளை வளர்ச்சி, பராமரிப்பு என இரண்டாகப் பிரித்து, முதலாவதற்கே புகழ் போகிறது, இரண்டாவதே நேரத்தைத் தின்கிறது என்றார். 1973இல் அருங்காட்சியகத் தரையைக் கழுவி அதையே கலையாக வைத்தார்.

யூக்லிஸைப் படித்தபோது போர்ட் உலகமும் வீட்டைப் போன்றதே என்று நினைத்தேன். என் அம்மா படுத்த படுக்கையான வருடம் அந்த எண்ணம் மாறியது. ஃப்ரீபிஎஸ்டி போர்ட்டுகள் முப்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றின் மேக்ஃபைலிலும் பராமரிப்பாளர் யார் என்று ஒரு வரி உண்டு. ஆள் இல்லையென்றால் அங்கே பொது முகவரி நிற்கும், எல்லோரும் பார்க்கும்படி. பராமரிப்பாளர் இரண்டு வாரம் பதில் சொல்லாவிட்டால் வேறொருவர் மாற்றத்தைச் செய்துவிடலாம். மூன்று மாதம் மௌனமாக இருந்தால் பொறுப்பையே மாற்றலாம். அப்படித்தான் என் போர்ட்டின் ஒரு பதிப்பை முகம் தெரியாத ஒருவர் முடித்துவைத்தார். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதே இரண்டு வாரத்தில் மருந்து, சமையல், படுக்கை மாற்றுவது எதிலும் எனக்கு மாற்றாள் வரவில்லை. தம்பி தொலைபேசியில் விசாரித்தான். வீட்டில் பராமரிப்பாளர் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லாதபடி எல்லோருக்கும் தெரியும்.

இருந்தும் அந்த நியாயமான விதிகளின் பலன் யாருக்குப் போகிறது? 2017இல் கிட்ஹப் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் தருகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். புகழில்லாத, முடிவில்லாத, கூலியில்லாத வேலை என்பதில் போர்ட் பராமரிப்பு வீட்டுவேலையின் சாயலில் இருக்கிறது. ஆனால் அதைச் செய்ய முடிவதற்கே வீட்டுவேலையை வேறொருவர் செய்திருக்க வேண்டியிருக்கிறது. 'தன்னார்வலர்' என்ற சொல்லில் தன் ஆர்வம் மட்டும் தெரிகிறது. சமைத்துவைத்தவரின் நேரம் தெரிவதில்லை.

இதனால் பராமரிப்பை அன்பு என்று புகழ்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர் எழுதும் வரி, விலகும் உரிமை, இரண்டு வார விதி ஆகியவை எங்கள் வீடுகளுக்கு வர வேண்டும். கூலியும் நேரமும் போர்ட் உலகத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் அந்த வரியில் வேறு பெயர்களும் ஏறும்.

சென்ற மாதம் என் நான்கு ஒட்டுகளின் தலையிலும் ஒரு குறிப்பு எழுதினேன். இது ஏன் தேவைப்பட்டது, மூலத்தில் எது மாறினால் இதை எடுத்துவிடலாம் என்று. நான் விலகும் நாளில் அடுத்து வருகிறவளுக்கு அது வேண்டியிருக்கும்.