மேரி மாலனின் கைகள்

‘டைஃபாய்டு மேரி’ என்ற பட்டப்பெயரை முதலில் ஒரு நுண்ணுயிரியல் பாடக்குறிப்பில் படித்தேன். மேரி மாலன் என்ற பெயர் அதில் இல்லை.

1906 கோடையில் நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பேயில், ஒரு வங்கியாளர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு. காரணம் தேடிய சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர், அங்கே சமைத்துவிட்டுப் போன அயர்லாந்துப் பெண்ணான மேரியைக் கண்டுபிடித்தார். நோயின் அறிகுறியே இல்லாதவர் உடலில் கிருமி தங்கி, மலத்தில் வெளியேறி, சரியாகக் கழுவாத கை வழியே உணவில் சேரும் என்பதை சோப்பர் சரியாகவே ஊகித்தார். சூடான சமையலில் கிருமி செத்துவிடும். எனவே பச்சைப் பீச் பழத்தை நறுக்கிச் சேர்த்த ஐஸ்கிரீமைச் சந்தேகித்தார். நல்ல துப்பறிதல்.

ஆனால் மேரி இறந்த மறு ஆண்டு, 1939இல், அவர் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். மேரியின் நடையும் மனமும் ஆணுடையவை போன்றவை என்று பழகியவர்கள் சொன்னதாக எழுதுகிறார். கிருமி பரவ நடை எப்படிக் காரணமாகும்? முன்பின் தெரியாத ஆண் சமையலறைக்குள் நுழைந்து மலமும் சிறுநீரும் இரத்தமும் கேட்க, மேரி பெரிய முள்கரண்டியோடு துரத்தியதை அவர் மூர்க்கத்தின் சான்றாக வைக்கிறார். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். 1907இல் காவலர்களோடு பிடிக்கப்போன சாரா ஜோசபின் பேக்கரோ பெண் மருத்துவர். ஆம்புலன்ஸில் வழிநெடுக மேரியின் மேல் உட்கார்ந்தே போனதாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதுகிறார். அந்தப் பக்கத்தை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை.

ஜூடித் வால்சர் லெவிட்டின் நூல் (1996) இந்தக் கதையை வர்க்கம், பால், சட்டம் எனப் பல பக்கங்களிலிருந்து திருப்பிப் பார்க்கிறது. தீவில் எடுத்த 163 மல மாதிரிகளில் 120இல் கிருமி இருந்தது; மேரி தனியாக அனுப்பிய மாதிரிகளில் இல்லை. அவருடைய அவநம்பிக்கையை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது. உணவக உரிமையாளர் அல்போன்ஸ் கோட்டில்ஸும் கிருமி சுமந்தவர், தடையை மீறியவர். 1924இல் நீதிமன்றம், இனித் தொலைபேசியில் வியாபாரம் பார்ப்பதாகச் சொன்னதும் விட்டுவிட்டது. முதலாளிக்கு அது முடியும். சமையற்காரி தொலைபேசியில் சமைக்க முடியுமா?

1910இல் மேரியை விடுவித்தபோது, இனிச் சமைப்பதில்லை என்று எழுதி வாங்கினார்கள். கிடைத்தது சலவை வேலை. சமையலைவிடக் கூலி குறைவு. 1915இல் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்தார். 25 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தனர். மேரியைத் தியாகியாக்கும் பெண்ணிய வாசிப்புகள் இந்த இருவரை அவசரமாகக் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது. அவர் கையில் கிருமி இருந்தது உண்மை. அந்தக் கைக்கு ஈடான வேறு பிழைப்பைக் கொடுக்காமல் வாக்குறுதியை மட்டும் வாங்கியதும் உண்மை. பிறருக்குச் சமைப்பதைத் தவிர வேறு நல்ல கூலி அவருக்கு வாய்க்கவில்லை.

1938இல் இறக்கும்வரை மறுபடி தீவுதான். மொத்தம் 26 ஆண்டுகள். பின்னாளில் அங்கிருந்த மருத்துவமனையின் ஆய்வகத்திலேயே வேலை செய்தார். தன்னைச் சிறைவைத்த சோதனையை நம்பாத பெண், அதே ஆய்வகத்தில் குப்பிகளைக் கழுவியபோது என்ன நினைத்தார்? லெவிட்டின் நூலில் நான் இன்னும் அதிகம் படிக்க விரும்பியது அந்த ஆண்டுகளைப் பற்றித்தான்.