கடமையும் நடுவரும்: தமிழ்நாட்டின் ஆட்சிநெறிச் சட்டங்கள் – ஒரு மதிப்பீடு

அரசின் நேர்மை, தகவல், நிதி ஆகியவற்றை நெறிப்படுத்தும் சட்டங்களை மதிப்பிடுவோர், அவை விதிக்கும் கடமைகளையே பெரிதும் கருத்தில் கொள்கின்றனர். அக்கடமை மீறப்பட்டதா எனத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா பின்தள்ளப்படுகின்றது. தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டங்களின் வலிமையும் குறையும் இவ்வினாவின் வழியே தெளிவாகின்றன.

1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொதுப்பணத்தைக் காக்கும் நோக்கில் இயற்றப்பட்டது. ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் அலுவலரின் முடிவால் பாதிக்கப்பட்டவர் 10 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது பிரிவு 11. அம்முறையீட்டைக் கேட்பது அரசே. முறையிடும் உரிமையும் ஒப்பந்தப்புள்ளி அளித்தவருக்கே உண்டு. வரி செலுத்தும் குடிமக்களுக்கு இப்பிரிவில் இடமில்லை. உயர்நீதிமன்றத்தை நாடும் வழி திறந்திருப்பினும், அது பொருளும் காலமும் வேண்டுவது.

2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்திலும் இதே அமைப்பைக் காணலாம். வருவாய்ப் பற்றாக்குறையை நீக்கக் காலக்கெடு விதிக்கப்பட்டது. பின்னர் அக்கெடு திருத்தங்களால் தள்ளிவைக்கப்பட்டது. இடர்க்காலத்தில் தளர்வு தேவைப்படலாம். ஆயின், தளர்வு தேவைதானா என ஆராயத் தனித்த அமைப்பு ஏதும் இல்லாதபோது, விலக்கே வழக்கமாகிவிடுகின்றது.

லோக் ஆயுக்தாவின் வரலாறும் இதற்குச் சான்றாகும். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், மாநிலங்கள் ஓராண்டுக்குள் லோக் ஆயுக்தாவை ஏற்படுத்த வேண்டும் என்றது. தமிழ்நாடு அதற்கான சட்டத்தை 2018 ஜூலையில்தான், அதுவும் உச்சநீதிமன்றத்தின் வலியுறுத்தலுக்குப் பின், நிறைவேற்றியது.

இவற்றினின்று வேறுபட்டு நிற்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம். எனினும், துறைக்கு வெளியே தகவல் ஆணையம் என்னும் நடுவரையும், நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் எனத் தகவல் அலுவலர் மீது தனிப்பட்ட தண்டத்தையும் தந்தது 2005ஆம் ஆண்டுச் சட்டமே. அதன் சிறப்பு இங்கேதான் உள்ளது.

அச்சிறப்பை 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நலிவுறச் செய்கின்றது. பொது நலனோடு தொடர்பற்ற தனிநபர் தகவலை மட்டும் மறுக்க இடமளித்த பிரிவு 8(1)(j), இப்போது தனிநபர் தகவல் எதனையும் மறுக்க இடமளிக்கின்றது. சட்டமன்றத்துக்கு மறுக்க இயலாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற காப்பும் நீக்கப்பட்டது. பொது நலன் கருதி வெளியிட வழிசெய்யும் பிரிவு 8(2) எஞ்சியுள்ளது. ஆயின், அந்நலனை முதலில் எடைபோடுபவர், எவருடைய செயல் வினவப்படுகின்றதோ அத்துறையின் அலுவலரே. ஓய்வூதியப் பயனாளிகள் பட்டியலையோ, ஒப்பந்தம் பெற்றவரின் பெயரையோ கேட்கும் சிற்றூர்க் குடிமகன் இனி முதல் வாயிலிலேயே தடுக்கப்படலாம்.

எனவே, இத்தகைய சட்டங்களுக்குக் கூடுதல் கடமைகளினும் சார்பற்ற நடுவரே முதன்மைத் தேவை. ஒப்பந்தப்புள்ளி மேல்முறையீட்டுக்கும் நிதிநிலை மதிப்பீட்டுக்கும் அரசுக்கு வெளியிலான அமைப்புகளை உருவாக்குவது மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்கலாம்.