அரிவாளும் நடைச்சீட்டும்

2013 ஜூலையில் 'சிங்கம் 2' வந்தபோது தூத்துக்குடியில்தான் பார்த்தேன். எங்க ஊர்க் கதை என்பதால் தியேட்டரில் விசில் கொஞ்சம் கூடுதல். என்.சி.சி. வாத்தியாராகப் பள்ளிக்கூடத்தில் மறைந்திருக்கும் துரைசிங்கம், கடல்வழிக் கடத்தலை மோப்பம் பிடித்து, தென்னாப்பிரிக்கா வரை போய் வில்லனை அள்ளிக்கொண்டு வருகிறார். எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு மாதம்தான் ஆனது. ஆகஸ்ட் 6ஆம் தேதி, மீனவர்களின் புகாரின் பேரில் மாவட்ட ஆட்சியர் ஆஷிஷ் குமாரின் குழுக்கள் வைப்பார் பகுதியில் தாது மணல் அள்ளிய இடங்களை ஆய்வு செய்தன. சில மணி நேரத்தில் ஆட்சியருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. டீக்கடையில் ஒரு அண்ணாச்சி சொன்னார்: "படத்துல வில்லனைத் தூக்குதான். இங்க கலெக்டரையில்லா தூக்கிட்டானுவ."

அன்றிலிருந்து அந்தப் படத்தோடு எனக்கு ஒரு தகராறு. அது மிகைப்படுத்துகிறது என்பதல்ல. மசாலாப் படம் அப்படித்தான் இருக்கும். குற்றம் எப்படி இருக்கும் என்று அது காட்டுவதுதான் தப்பு. அதில் குற்றம் கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் ஒளிந்து வருகிறது. எங்கள் கரையில் மணல் போனது பகலில், லாரியில், குத்தகைப் பத்திரத்தோடும் நடைச்சீட்டோடும். எந்த இடத்துக்கு அனுமதி, எவ்வளவுக்கு அனுமதி, கார்னெட்டுக்கா, தோரியம் உள்ள மோனசைட்டுக்குமா? தாளில் இருப்பதற்கும் லாரியில் இருப்பதற்கும் நடுவில்தான் குற்றம் இருந்தது. அதை ஓங்கி அறைய முடியாது. உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

அப்படிப் படித்தவர்கள் இருந்தார்கள். ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு ஆய்வு செய்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் வி. சுரேஷ் அறிக்கை கொடுத்தார். 2025 பிப்ரவரி 17இல் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், எம். ஜோதிராமன் அமர்வு, அதிகாரிகளின் கூட்டையும் சேர்த்து சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது, ரூ. 5,832 கோடியை வசூலிக்கவும் சொன்னது. ஆய்வு நடந்த நாளிலிருந்து இதற்குப் பதினொன்றரை ஆண்டு.

"கோர்ட்டுன்னா இழுக்கத்தான் செய்யும், அதான் சிங்கம் வேணும்" என்பார்கள். அப்படியென்றால் முறப்பநாட்டை என்ன சொல்வது? தாமிரபரணி மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 15இல் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

ஆக, கோர்ட்டால் வேகமாகப் போகமுடியும். போலீசும் அரசும் அரசு வழக்கறிஞரும் ஒரே பக்கம் நின்றால் போகும். அரிவாள் விஷயத்தில் அப்படி நின்றார்கள். நடைச்சீட்டில் விசாரணை அலுவலகங்களின் மேலேயே திரும்புகிறது. கோப்பைக் கொடுக்க வேண்டியவரே பதில் சொல்லவும் வேண்டியவர். அரசு வழக்கறிஞர் அங்கே யாருக்காக எழுந்து நிற்பார்? துரைசிங்கத்திடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அவருக்கு எதிரி எப்போதும் வெளியே இருக்கிறான்.

போலீஸ் படத்தில் கோர்ட்டைத் தேடலாமா என்று கேட்கலாம். தேட வேண்டாம். ஆனால் வில்லன் பிடிபட்டதும் எழுந்து வந்துவிடும் பழக்கத்தை அந்தப் படங்கள்தான் நமக்குக் கொடுத்தன. முறப்பநாட்டுத் தீர்ப்பு வந்த அன்று, எல்லாம் முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன். லூர்து பிரான்சிஸ் கொடுத்தது மணலைப் பற்றிய புகார். கொலைக்கான தண்டனை அந்தப் புகாருக்குப் பதில் ஆகாது.

இன்றைக்கும் டிவியில் 'சிங்கம் 2' போட்டால் பார்ப்பேன். ஆனால் விசில் வரும் இடத்தில், வெறும் தாளை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் நினைப்பு வந்துவிடுகிறது.